சன்னலைத் திறந்து வைத்தவள்

ஹெப்சிபா டட்டில் வார்த்த நாற்பத்தொரு துப்பாக்கிக் குண்டுகளும் சுட்ட அன்று மாலையே அவள் வீட்டுக்குத் திரும்பி வந்தன. சன்னல் வழியே நுழைந்து, மேசையில் முன்பு தட்டுகள் இருந்த இரண்டு இடங்களிலும் வட்டமாக உட்கார்ந்துகொண்டன. தொட்டால் சூடு ஆறியிருக்கவில்லை.

பதின்மூன்று குடியேற்றங்களும் இங்கிலாந்து ராஜாவை எதிர்த்துப் போரிட்ட மூன்றாம் வருஷம் அது. கனெக்டிகட்டில் ஈயத்துக்குப் பஞ்சம். தானும் கணவன் அசஹேலும் சாப்பிட்ட வெள்ளீயத் தட்டுகள் இரண்டையும் உருக்கி, குண்டாக்கி, அவன் பையில் போட்டு அனுப்பியிருந்தாள். ஆற்றுப் பாலத்தைக் காத்த அவர்கள் கூட்டத்துக்கு வேறு குண்டு கிடையாது. சுட்ட குண்டுகள் பாதிவழியில் திரும்பிப் பறந்ததைப் பார்த்து எதிரிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். பெருமழை வந்து கலைத்ததால்தான் அன்று இவர்கள் பிழைத்தார்கள்.

விடிந்ததும் கூட்டத்தின் தலைவரான சபை மூப்பர் எலிஃபலெட் கிரேன் வந்து நின்றார்.

“ஏம்மா, நீ ராஜா பக்கமா, எங்க பக்கமா?”

“தட்டையே உருக்கிட்டு உள்ளங்கையில வச்சுத் தின்னுட்டிருக்கேன் மூப்பரே. இன்னும் என்னத்தக் காட்டணும்?”

“எப்ப வார்த்த?”

ஹெப்சிபா தரையைப் பார்த்தாள். “சனிக்கிழமை. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிரலாம்னுதான் பாத்தேன். அடுப்பு பிடிக்கல.”

மூப்பருக்கு விளங்கிவிட்டது. சனிக்கிழமை சூரியன் இறங்கினால் ஓய்வுநாள் பிறந்துவிடும். அன்று ஆராதனைக்கு அல்லாமல் யாரும் வீட்டைவிட்டு எங்கும் போகக் கூடாது. அந்த வேளையில் பிறந்த குண்டுகள், பிறந்த வேளையின் சட்டப்படி நடந்தன.

“மறுபடி உருக்கிடு.”

“அதுக்கு ஏது நேரம்? மத்தியானத்துக்குள்ள எதிரி ஆத்தத் தாண்டிருவான். பாலத்துல மொத ஆளா நிக்கறது என் வீட்டுக்காரர்.” குண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “இதுங்களுக்கு வீட்டுக்குத்தான வரணும்? வரட்டும். நீங்க சுத்திப் போயி அந்தச் சிவப்புச் சட்டைக்காரனுக்கு முதுகுப்பக்கம் நில்லுங்க. நடுவுல அவன் இருக்கட்டும்.”

“உன் வீட்டப் பாத்துச் சுடச் சொல்றியா?”

“சன்னலத் தொறந்து வைக்கிறேன்.”

அப்படியே சுட்டார்கள். குறி பார்க்கும் வேலைகூட இல்லை; வீட்டுக்கு வரும் வழியில் நின்றவர்களையெல்லாம் துளைத்துக்கொண்டு குண்டுகள் வந்து சேர்ந்தன. அதற்கப்புறம் நாலு வருஷம், மாலையில் அவற்றின் ரத்தத்தைக் கழுவுவதும் காலையில் குதிரைக்காரனிடம் கொடுத்தனுப்புவதும் அவளுக்கு வீட்டுவேலையில் ஒன்றாயிற்று. படை தெற்கே போகப் போக, குண்டுகள் வர நாளாயின. வர்ஜீனியாவிலிருந்து ஒன்பது நாள். அங்கே எதிரி ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகு, கடைசியாக வந்தவை நாற்பதுதான். புகைமூட்டத்தில் அசஹேல் தவறான பக்கம் நின்றுவிட்டதாக மூப்பர் எழுதியிருந்தார். அதன்பின் ஆளைக் காணவில்லையாம்.

ஹெப்சிபா அழவில்லை. பனிக்காலம் முழுக்கச் சன்னலைச் சாத்தவில்லை. வீட்டுக்குள் பனி முழங்கால் அளவு கிடந்தது.

வசந்தத்தில் நாற்பத்தொன்றாவது குண்டு, அசஹேலின் இடுப்புக்குள் இருந்தபடி நொண்டி நொண்டி வந்து சேர்ந்தது.

“வைத்தியன் எடுத்திரலாம்னான். நான்தான் விடல,” என்றான் அசஹேல். “எனக்கு வழி தெரியாது. அதுக்குத் தெரியும்.”

“காலக் கால்மிதியில தொடைங்க,” என்றாள் ஹெப்சிபா. அப்புறம்தான் சன்னலைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை பட்டப்பகலில் நாற்பது குண்டுகளையும் மறுபடி இரண்டு தட்டுகளாக வார்த்தாள். ஒன்றில் மட்டும் விளிம்போரம் ஒரு குண்டளவு ஓட்டை விழுந்தது. அசஹேல் அதைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கஞ்சி குடிப்பான். எந்தச் சந்தைக்குப் போனாலும், வெயில் சாய்ந்ததும் இடுப்பு அவனைத் திருப்பிவிடும். ராச்சாப்பாட்டுக்கு அவன் ஒருநாளும் பிந்தியதில்லை.