தோள் அளவு

வானநீலச் சட்டையை ஜெயக்கொடி மறுபடியும் மாற்ற வந்திருந்தாள். முதலில் முப்பத்தெட்டு எடுத்தாள். அடுத்த நாள் அதைக் கொடுத்துவிட்டு நாற்பது வாங்கிப் போனாள். இன்றைக்கு அதுவும் சின்னதாகப் படுகிறது என்று வந்து நிற்கிறாள். ஷாகுல் பம்மல் மெயின் ரோட்டில் புதிதாக ஜவுளிக்கடை வைத்தவன். வாடிக்கை பிடிக்க வேண்டிய காலத்தில் முகம் சுளிக்க முடியுமா? சட்டையை வாங்கி ஒரு தட்டு தட்டி வைத்துவிட்டு, "அக்கா, தம்பிய ஒரு தபா கூட்டிக்கினு வந்துடுங்க. தோள் பாத்துட்டா வேலை முடிஞ்சிது," என்றான்.

"மிலிட்டிரி ட்ரெய்னிங்ல கீறான்னு சொன்னேனே. லீவு குடுக்க மாட்டேங்கறாங்கப்பா."

முதல் நாள் அவன் கேட்டபோது வாய் தவறி வந்த பதில் அது. அன்றைக்கு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இப்போது கூசாமல் வருகிறது. சொல்லும்போது நெஞ்சுக்குள் இதமாக இருந்ததை அவள் மறைக்க விரும்பவில்லை, கேட்கத்தான் யாருமில்லை. அங்கே சாப்பாடு நன்றாகப் போடுவார்கள், உடம்பு ஏறியிருக்கும் என்று சொல்லி ஷாகுல் நாற்பத்திரண்டை எடுத்துக் கொடுத்தான்.

அவள் மகன் மோகன்ராஜ் இறந்து வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம். வடக்கே ஒரு முகாமில், முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு ஓடும் பயிற்சியில் சுருண்டு விழுந்தவன் எழுந்திருக்கவேயில்லை. பொழிச்சலூருக்குச் சவப்பெட்டி வந்தபோது கண்ணாடி வழியாக முகம் மட்டும்தான் தெரிந்தது, மற்றதெல்லாம் கொடியும் பூவும். பிறகு வந்த இரும்புப் பெட்டியில் இருந்தவை அவன் இங்கிருந்து கொண்டுபோன பழைய சட்டைகள். கடைசியாக அனுப்பிய போட்டோவில் அவனுக்குக் கழுத்து தடித்திருந்தது. ஒல்லிப்பிச்சானாக ரயிலேறிய பையன் எந்த உடம்போடு போனான் என்று பெற்றவளுக்குத் தெரியவில்லை. அழுது தீர்த்த பிறகும் இது மட்டும் ஆறாமல் கிடந்தது.

முதல் வருஷப் படையலில் புதுத்துணி வைக்க வேண்டும். வைக்கிற துணியை இறந்தவர் வந்து உடுத்திக்கொண்டு போவார் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. அளவு சரியில்லாவிட்டால்? தோளில் பிடிக்கிற சட்டையை மோகன் ஒரு நாளும் போட்டதில்லை, கழற்றிக் கட்டிலில் வீசிவிட்டுப் போய்விடுவான். கணவர் சம்பந்தத்திடம் சொன்னபோது, "எந்த சைஸா இருந்தா இன்னா, படைச்சப்பறம் நாந்தான போட்டுக்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு வாசலில் போய் வெகுநேரம் நின்றார். அவருக்கும் தாங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அன்று ராத்திரி அவர் தட்டில் விழுந்த தோசையெல்லாம் கருகித்தான் இருந்தது.

நாற்பத்திரண்டை வாங்கிக்கொண்டு ஜெயக்கொடி நடந்தே திரும்பினாள். ஷேர் ஆட்டோவில் ஏறினால் வீடு சீக்கிரம் வந்துவிடும். வீட்டில் அவன் மாலை போட்ட படமாக இருந்தான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில், இந்த மதிய வெயிலில், அவன் லீவு கிடைக்காத பையன், அவ்வளவுதான். இந்நேரம் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்பான். ரொட்டி பிடிக்கவில்லை என்று முணுமுணுப்பான். சட்டை இருந்த பையைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு அவனோடு பேசிக்கொண்டே போனாள்.

தலைக்கு மேலே வயிறு தெரிய ஒரு விமானம் இறங்கியது. எதிரே பூ பேரம் பேசிக்கொண்டிருந்த இருவரும் பாதிச் சொல்லில் நிறுத்தி, சத்தம் போனதும் மீதிச் சொல்லிலிருந்து தொடங்கினார்கள். ஓடுபாதையை ஒட்டின ஊர். கத்திப் பேசிப் பயனில்லை என்பதைப் பிள்ளைகள் பேசப் பழகும்போதே கற்றுக்கொண்டுவிடும். ஜெயக்கொடி மனதுக்குள்தான் பேசிக்கொண்டு வந்தாள், அதையும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் ஜாய்சன் வந்தான். மோகனோடு பயிற்சியில் இருந்தவன், கீழ்க்கட்டளைப் பையன். இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்பதே அங்கே போய்த்தான் தெரிந்ததாம். பயிற்சி முடிந்து எல்லைப் பக்கம் போனவனுக்கு இப்போதுதான் லீவு. படத்துக்கு முன்னால் விறைப்பாக நின்றுவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். மோகன் எப்படி விழுந்தான் என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம் அவன் முகத்தில் இருந்தது. அவள் கேட்டது வேறு.

"உன் பக்கத்துல நின்னா அவன் எம்மாம் ஒசரம் கண்ணு? தோளு எப்பிடி இருக்கும்?"

"ஒரே சைஸுமா. என் சட்டைய அவன் போட்டுப்பான், அவனோடத நான் போட்டுப்பேன். வந்தப்ப ஒல்லியா இருந்தான், அப்புறம் நல்லா விரிஞ்சிட்டான்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், விமானம் வந்தது, அப்படியே நிறுத்திக்கொண்டாள். அதைப் பார்த்து ஜாய்சன் முதல் முறையாகச் சிரித்தான். மோகனும் இப்படித்தானாம். போனில் அம்மாவோடு பேசும்போது அவள் பக்கத்துச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பானாம்.

"மேல ஒண்ணுமே இருக்காதுமா, வெறும் வானம். நாங்க எல்லாரும் ஓட்டுவோம். அவன் கண்டுக்க மாட்டான், சத்தம் போற வரைக்கும் பாத்துக்கினே நிப்பான்."

ஜெயக்கொடி அழுதாள். தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்ளாமல், அந்நியப் பையன் என்றும் பார்க்காமல் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, பம்மல் வரை வர முடியுமா என்று கேட்டாள். வாங்கி வைத்ததை அவனுக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது, ஒருத்தர் உடம்பில் பட்ட துணி படையலுக்கு ஆகாது. கடையில் என்றால் வேறு சட்டையில் அளவு பார்த்துக்கொள்ளலாம்.

நாற்பத்திரண்டு அவனுக்குத் தொளதொளவென்று தொங்கியது. நாற்பதைப் போட்டதும் தையல் சரியாகத் தோளில் உட்கார்ந்தது. அவள் வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்த அதே அளவு. ஷாகுலுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"இவருதானா தம்பி? லீவு கெடச்சிடுச்சா அக்கா?"

ஜாய்சன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்? பம்மலில் ஒரு கடையில் மட்டுமாவது அவன் லீவில் வந்த பிள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டுமே. வாய் திறந்தாள். விமானம் வந்தது.

மூவரும் நின்றார்கள். ஜாய்சன் கழுத்தை உயர்த்தி மேலே பார்த்தான், அங்கே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அவனுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இவ்வளவு அகலம். இவ்வளவு உயரம். பிடரிக்குக் கீழே சட்டை ஒரு சுருக்கமில்லாமல் இறங்கியது. அவளுடைய பிள்ளை இப்படி வளர்ந்திருக்கிறான். சத்தம் மெல்லத் தேய்ந்து திரிசூலம் பக்கமாகப் போய் அடங்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"இவன் அவனோட தோஸ்துப்பா," என்றாள். "எம்புள்ள போன வருசமே ட்ரெய்னிங்ல பூட்டான். நாளைக்கு அவனுக்குப் படையல்."

ஜாய்சன் சட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். யார் உடம்பிலும் படாததாக ஒன்று வேண்டும் என்று அவள் மெதுவாகச் சொன்னதும், ஷாகுல் ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து பிரிக்காத நாற்பது ஒன்றை இறக்கினான். உறையைக் கிழித்தான். படைக்கிற துணியைப் பிரிக்க வேண்டியதில்லை, மடிப்போடுதான் வைப்பார்கள் என்று சொல்ல வந்து ஜெயக்கொடி நிறுத்திக்கொண்டாள். அவன் கழுத்துப்பட்டிக்குள் இருந்த அட்டையை உருவினான். மடிப்பில் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரமாக வைத்தான். பொத்தான்களைக் கழற்றினான். பிறகு கையை உள்ளே விட்டு, எங்கேயாவது ஒன்று மிச்சமிருந்து குத்துமா என்று, தோள் வரைக்கும் நிதானமாகத் தடவிப் பார்த்தான்.