அணிவகுப்புத் துணி

ஓர்த்தான்ஸ் அச்சடித்த துணியிலிருந்த முகங்கள் அத்தனையும் அவள் அப்பா வாம்பா இருக்கும் பக்கமாகத் திரும்பிக்கொண்டன. காயப்போட்ட அன்றே அப்படித்தான். அவர் கிணற்றடிக்குப் போனால் கிணற்றைப் பார்த்தன. சாப்பிட உட்கார்ந்தால் சோளக்களியை எட்டிப் பார்த்தன. சாயம் கொஞ்சமும் கலையவில்லை.

காமரூனின் அந்த மலையூரில் செத்தவரின் மண்டையோட்டைப் பிறகு தோண்டியெடுத்து, பானையில் வைத்து, பாமாயிலும் உப்பும் படைப்பார்கள். விடுதலைப் போரில் ராணுவம் கொண்டுபோய்க் கொன்று எங்கோ புதைத்த ஆண்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பள்ளிப் புத்தகம் அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்றது. முப்பது வருடம் ஊரும் வாயைத் திறக்கவில்லை. ஓர்த்தான்ஸ்தான் வீடு வீடாகப் போய், மூக்கு எப்படி, தழும்பு எங்கே என்று கேட்டு வரைந்தாள். அதையும், தேசிய நாள் அணிவகுப்பில் சந்தைப் பெண்கள் ஒரேமாதிரி உடுத்தும் துணியிலேயே அச்சடித்தாள். நெஞ்சழுத்தக்காரி.

சந்தைத் தலைவி எத்வீஜின் அண்ணனும் அதில் இருந்தான். அவள் துணியை விரித்துப் பார்த்து, "உங்கப்பாவ ஏன்டி இப்படி மொறைக்கிறாங்க?" என்று கேட்டாள். மதியமே ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். "எல்லாத்தையும் கொளுத்திடும்மா. உனக்கும் நல்லது, உங்கப்பாவுக்கும் நல்லது." அவளும் மண்ணெண்ணெய் டின்னை எடுக்கத்தான் செய்தாள், அதை மறைப்பானேன்?

வாம்பா டின்னைப் பிடுங்கினார். "கீழ வை. நாந்தான் காட்டிக் குடுத்தேன். பத்தொம்பது வயசு. தலையில சாக்க மாட்டி, கண்ணுக்கு ரெண்டு ஓட்ட போட்டு நிக்க வச்சாங்க. ஒவ்வொருத்தனா முன்னால கொண்டுவந்தாங்க. தலைய ஆட்டினேன்."

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"வீடு வீடாப் போய்க் கேட்டியே, நம்ம வீட்டுல கேட்டியா?"

மறுநாள் அணிவகுப்பில் பெண்கள் அதையே உடுத்தி நடந்தார்கள். அதிகாரிகள் நின்ற மேடையைத் துணியிலிருந்த ஒரு முகமும் பார்க்கவில்லை. எல்லாம் கூட்டத்தில் தொப்பியைக் கழற்றி நின்ற வாம்பாவைப் பார்த்தன. எத்வீஜ் வரிசையை விட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"எங்கண்ணன் எங்க கெடக்கிறான்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம். மூங்கில் புதர்ல."

"வா, காட்டு."

அவர் நடந்தார். அணிவகுப்பு மொத்தமும் முரசோடு பாதை மாறி அவர் பின்னால் போனது. மேடையிலிருந்தவர்கள் முதுகுகளுக்கு வணக்கம் வைத்தார்கள்.

கிடைத்தவர்கள் பானைக்குப் போனார்கள். மற்றவர்கள் துணியிலேயே இருக்கிறார்கள். வாம்பாவை யாரும் மன்னிக்கவில்லை, யாரும் தொடவுமில்லை. துணி இன்றும் விற்கிறது. வெட்டுவதற்கு முன், வாம்பா இன்றைக்கு எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தையல்காரர்கள் கேட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் அவரே காலையில் ஆளனுப்பிச் சொல்லிவிடுகிறார்.