கயிற்றுப் பாடம்

“பொம்மைப் புத்தகமெல்லாம் இருக்கட்டும்மா. புகை வந்தா எங்க புள்ளைங்களுக்குக் கீழே இறங்கத் தெரியணும். அதைச் சொல்லிக் குடுப்பியா?”

“நான் வாசிக்கச் சொல்லிக் குடுக்கத்தான் வந்திருக்கேன்க்கா.”

“எரிஞ்சுபோன புள்ள எதை வாசிக்கும்?”

வால்பரைசோவின் மலைச்சரிவில், குடியிருப்புச் சங்கத்தின் மரக்கொட்டகையில், எங்கள் தென்கோளத்து ஆகஸ்ட் குளிர்காலத்தில் எர்சிலியா அக்கா என்னிடம் கேட்டது இது. ஆசிரியர் படிப்பில் ஒரு பாடமாக, சேவை செய்ய வந்த மாணவி நான். நீங்கள் நினைத்ததை அல்ல, அங்குள்ளவர்கள் கேட்பதைச் செய்யுங்கள் என்று பேராசிரியர் சொல்லியிருந்ததால் ஒத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பும் ஒரு நீளக் கயிற்றில்தான் முடிந்தது. என்னைச் சித்தி என்று கூப்பிடும் பிள்ளைகள் வரிசையாக அதைப் பிடித்து, பாடிக்கொண்டே படிக்கட்டில் இறங்குவார்கள். அக்காவின் மகள் ரயேன் மட்டும் கதவுச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்பாள். போன கோடைக் காட்டுத்தீயில் அவர்கள் வீடு எரிந்துபோயிருந்தது. கயிற்றை அவள் தொட்டதே இல்லை.

வகுப்பு முடிந்ததும் அக்கா ஏதோ கேட்க வருவாள். “ஒன்னுமில்ல, போ. பஸ்ஸை விட்டுடப்போற” என்று திரும்பிவிடுவாள்.

டிசம்பரின் கோடை வெயிலில், கடைசி வகுப்பன்று, காற்று திசை மாறியது. ஜன்னல் வெளிச்சம் செம்மஞ்சளானது. தைலமரம் எரியும் வாடை. எனக்குப் பாட்டின் முதல் வரி வரவில்லை. பிள்ளைகளே கயிற்றை எடுத்து விரித்தார்கள்.

“சித்தி, பாடுங்க!”

கத்திப் பாடினேன். ரயேனின் விரல்களைப் பிரிக்கப் பிரிக்க அவை மறுபடி கதவைப் பற்றின. கூரையிடுக்கில் புகை நுழைந்தது. மற்ற பிள்ளைகள் கயிற்றோடு முதல் படியில் இருமிக்கொண்டு நின்றார்கள். இவளை விட்டுப் போகவும் முடியாது. இவளுக்காக அவர்களை நிறுத்தவும் முடியாது.

“ரயேன், எனக்குப் பயமா இருக்குடி. என் கையைப் பிடிச்சுக்கிறியா?”

“உங்களுக்குமா?”

கதவிலிருந்து ஒரு கை வந்தது. பிறகு இன்னொன்று.

பாடிக்கொண்டே இறங்கினோம்; படிக்கட்டு முழுக்கச் சாம்பல் பறந்தது. கீழே சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்த அக்கா, ஏப்ரனோடு ஓடிவந்து மகளை வாரி அணைத்தாள். என் தோளில் ஒரு குத்து விட்டாள்.

“பாட்டா அது? கழுதை கத்துன மாதிரி இருந்துச்சு!”

சிரிக்கத் தொடங்கியவள் அழுதுவிட்டாள். மேலே சைரன் அலறியது.

“இன்னியோட உன் பாடம் முடியுது. போன வருஷம் உன்னை மாதிரி படிக்கிறதுக்கு வந்ததுங்களும் டிசம்பர்லதான் போச்சுங்க. தீ ஜனவரியில வந்துச்சு.” நான் இன்னும் விடாத கயிற்றை அவளும் பற்றினாள். “கோடை முடியிற வரைக்கும் போகாம இரும்மா.”