மாடிக் கொய்யா இலை

அன்று ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புண்ணில் சீழ் வைக்கும் கிருமியை ஒரு தட்டில் வளர்த்திருந்தாள். அதன்மேல் வைத்த, ஸ்பிரிட்டில் ஊறவைத்து எடுத்த கொய்யா இலைச் சாற்றில் நனைத்த காகித வில்லையைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வளையம். அதற்குள் கிருமி பூண்டோடு ஒழிந்திருந்தது. கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

ஆய்வை மேற்பார்வையிடும் டாக்டரம்மா மட்டும் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, சாறே இல்லாம வெறும் ஸ்பிரிட்ல நனைச்ச வில்லையைச் சுத்தியும் இதே வளையம் இருக்கே?"

அவள் முகம் தொங்கிப்போயிற்று. ஆர்வக்கோளாறில் ஸ்பிரிட் காய்வதற்குள் வில்லைகளை வைத்துவிட்டிருக்கிறாள். கிருமியைக் கொன்றது இலையா, ஸ்பிரிட்டா? மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாறோ தீர்ந்துவிட்டது. இலை கொடுத்த தோட்டக்காரரும் மரத்துக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டார்.

மருந்து படாத மரம் அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான். பஸ் ஓட்டும் அவள் புருஷன் மொட்டைமாடி டிரம்மில் கண்ணுக்குக் கண்ணாக வளர்ப்பது.

"என்னங்க, கொஞ்சம் இலை வேணும்."

"கொஞ்சம்னா?"

"ஒரு பை."

"மொட்டை அடிக்க என் மரந்தான் கிடைச்சுதா? அந்தக் கிருமிக்குக்கூட உன்னைவிட இரக்கம் இருக்கும்!"

சாப்பாட்டு வேளை வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே போய் முற்றிய இலையாகப் பார்த்துப் பார்த்துப் பறித்து வந்தான்.

இம்முறை அவள் வில்லைகளை நன்றாகக் காயவிட்டாள். மறுநாள் பார்த்தால், ஸ்பிரிட் வில்லையைச் சுற்றிக் கிருமி மண்டிக் கிடந்தது. இலை வில்லையைச் சுற்றி மட்டும் வளையம், முன்னதைவிடச் சிறியதாக.

"இதை நம்பலாம்," என்றார் டாக்டரம்மா.

அவளை அழைத்துப்போக வந்த புருஷன் எட்டிப் பார்த்தான். "இத்தனூண்டு வளையத்துக்கா என் மரத்தைப் பாதியாக்கினே?"

"இருங்க, இன்னொண்ணு காட்டறேன்." சோதனைக் குழாயிலிருந்த ஊதாக் கரைசலில் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஊதா மெல்ல வெளுத்து மஞ்சளாயிற்று. "நம்ம உடம்புல செல்லைக் கெடுக்கிற சமாச்சாரம் மாதிரி ஒண்ணு இந்த ஊதாவுல இருக்கு. இலை அதை அடக்கிடுச்சு."

அவன் வாயைப் பிளந்தான். "எங்க மாடி மரம், மேடம்!" என்றான் டாக்டரம்மாவிடம். "அப்ப மருந்து ரெடியா?"

"அதுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு. இலையும் நிறைய வேணும்," என்றார் அவர்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் நர்சரி வாசலில் வண்டியை நிறுத்தினான். ஒரு கொய்யாக் கன்றை வாங்கி அவள் கையில் திணித்தான்.

"இது உன்னுது. என்ன வேணா பண்ணிக்க. என் டிரம் பக்கம் மட்டும் தலைவச்சுப் படுக்காதே!"