மிஸ்ஸு எனக்கு என்ன முறை?

தன்னைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, சொந்தக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லக் கூடாது, யார் பக்கமும் சாயக் கூடாது. மனநல ஆலோசகர் வேலைக்கு ரூபினி படித்த பாடம் இது. பாடம் எழுதிய புண்ணியவான் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியிருக்க மாட்டான்.

அவளிடம் வந்த முதல் ஆள் தங்கராஜு. தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். ஒரு கல்யாண விருந்தில் அண்ணி வைத்த மீன் குழம்பை ஊரே கேட்கும்படி மெச்சிவிட்டார். கட்டின நாளிலிருந்து மனைவி செல்லத்தின் குழம்பை அவர் ஒரு வார்த்தை மெச்சியதில்லை. செல்லம் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கம்போங் ராஜாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். "கவுன்சலிங் மிஸ்ஸுகிட்ட போயி மனச தொறந்து பேசட்டும். அப்புறம் பாக்கலாம்" என்பது அவள் உத்தரவு.

தோட்டத்து கிளினிக்கின் பின்னறையில் தங்கராஜு வந்து உட்கார்ந்தார்.

"மனசுல என்ன இருக்கோ சொல்லுங்க ஐயா," என்றாள் ரூபினி கனிவாக.

"மிஸ்ஸு எந்தத் தோட்டம்?"

"நாம உங்களப் பத்திப் பேசலாம்."

"சரி லா. அம்மா பேரு?"

"அது முக்கியமில்லீங்க ஐயா."

யார் வீட்டுப் பெண் என்றே தெரியாதவளிடம் வீட்டு விஷயத்தை எப்படிச் சொல்வது? தங்கராஜு நேரம் முடியும்வரை கூரையைப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரமும் கூரைதான். ரூபினிக்குப் பொறுமை போயிற்று. "லெம்பா பெர்த்தாம் ஊரு மோகனா மக நான். போதுமா?" என்று கொட்டிவிட்டாள்.

"மோகனாவா! எனக்குத் தங்கச்சி முறை லா! அப்ப நீ எனக்கு மருமக!"

ஓடிப்போய் டீயும் கறிபாப் பலகாரமும் வாங்கி வந்தார். அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"இப்பப் பேசலாமா மாமா?" என்று கேட்டுவிட்டு ரூபினி தானே திடுக்கிட்டாள்.

"அதெப்படி லா? மருமகப் புள்ளகிட்டப் போயி பொண்டாட்டி சங்கதி பேசுவாங்களா? வெக்கமா இருக்கு."

ரூபினிக்கு அழுகை வராத குறை. வீட்டுக்குப் போனதும் அப்பாவைக் குடைந்தாள். தங்கராஜுவின் செத்துப்போன அம்மா அப்பாவுக்கு அண்ணன் மகள் முறையாம். மறுவாரம் அதை எடுத்து வீசினாள்.

"எங்கப்பா வழியில பாத்தா உங்கம்மாவுக்கு நான் தங்கச்சி. உங்களுக்குச் சின்னம்மா."

இருபத்தெட்டு வயதுச் சின்னம்மாவைத் தங்கராஜு ஏற இறங்கப் பார்த்தார். விரலை மடக்கி முறையைச் சரிபார்த்தார். தப்பில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு ஓவென்று அழுதார்.

"ரெண்டு கம்பளி போத்தியும் குளிருது சின்னம்மா! அவ கொழம்புதான் லா ஒசத்தி. அத எப்பிடி அவ மூஞ்சிக்கு நேரா சொல்றது?"

ரூபினிக்கும் கண் கலங்கிவிட்டது. செல்லத்துக்கு ஆள் அனுப்பினாள். செல்லமும் பையோடு வந்தாள். அவள் வாசலைத் தாண்டும்போதே தங்கராஜு, "சின்னம்மாவக் கும்புட்டுக்க" என்று காரியத்தைக் கெடுத்தார்.

"அப்ப இது எனக்கு மாமியாரு!" செல்லம் நின்றுவிட்டாள். "எந்த மாமியாரு மருமக பக்கம் பேசியிருக்கா? மகனுக்குத்தான் வக்காலத்து வாங்குவா. நான் கம்போங் ராஜாவுக்கே போறேன்."

ரூபினி படித்த பாடத்தை ஒரு கணம் நினைத்தாள். நினைத்துவிட்டு மேசையில் ஓங்கித் தட்டினாள்.

"டேய் தங்கராஜு! இத்தன வருசம் ஒனக்கு ஆக்கிப் போட்டவள ஊரு முன்னால அவமானப்படுத்துவியா? முதுகுல ரெண்டு வச்சேன்னா தெரியும்! என்கிட்ட அழுதியே, அத அவகிட்டச் சொல்லுடா!"

"ஒன் கொழம்புதான்..." என்று முனகினார் தங்கராஜு.

"சத்தமா!"

"ஒன் கொழம்புதான் லா ஒசத்தி! நீ இல்லாம குளிருது செல்லம்!"

மருந்துக்கு நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செல்லம் பையைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ரூபினியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"எங்க மாமியாரு சாகற வரைக்கும் இவர ஒரு வார்த்த கேட்டதில்ல," என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்சம் திட்டுங்க அத்தே. கேட்டுட்டு இவரு லோரியிலயே வீட்டுக்குப் போயிடறேன்."