அண்ணனுக்கு வந்த வகை

அண்ணனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கிழிந்த துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, காசிமாயனின் கண் போய் நின்றது கணுக்கால் எலும்பில். அது எப்படித் துருத்திக்கொண்டிருக்கிறது, நமக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்தான். முடிச்சுப் போட்டு எழுந்ததும், யாரும் கவனிக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, தன் இடது மணிக்கட்டை வலது கை விரல்களால் வளைத்துப் பிடித்தான். போன மாதம் கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொள்ளவில்லை. இப்போது தொட்டன. போன மாதமும் தொட்டதோ என்னவோ, சரியாக ஞாபகமில்லை. சீ, என்ன புத்தி இது என்று தன்னையே வைதுகொண்டான். கூடப்பிறந்தவன் செத்துக் கிடக்கிறான், இவன் தன் சதையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"காசி, இங்க வாடா," என்று வாசலில் இருந்து கூப்பிட்டார் சித்தப்பா முத்திருளன். துட்டி வீட்டுக் காரியங்கள் எல்லாம் அவர் சொல்படிதான் நடந்துகொண்டிருந்தன. "உங்கண்ணன் உக்கிரபாண்டிக்கு ஆம்பளப் புள்ள இல்ல. கொள்ளி நீதான் வைக்கணும். அதுவரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது, சொல்லிப்புட்டேன்."

"எப்ப எடுப்பீக சித்தப்பா?"

"உன் மதினி சோலைக்குப் பெறந்த வீட்டுக் கோடிச் சேலை வரணும்ல. உசிலம்பட்டிக்கு ஆளு போயிருக்கு. அவுக வண்டி கட்டி வந்து சேர உச்சி ஆயிரும்."

உச்சி என்றதும் காசிமாயன் அண்ணாந்து பார்த்தான். வெயில் இப்போதுதான் வேப்பமரத்தின் பாதிக்கு இறங்கியிருந்தது. அவன் விடியும்போதே ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தான். போட்ட கொஞ்ச நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அவன் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கவில்லை.

அண்ணனுக்கு இருந்த சர்க்கரை வியாதி அவனுக்கும் இருப்பது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. செல்லூரில் குடியிருந்துகொண்டு, மதுரைக்கும் வாடிப்பட்டிக்கும் ஓடும் மோட்டார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தான். இந்தச் சித்திரைக்குப் பிறகுதான் அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரமாக இறங்க வேண்டியதாயிற்று. "மாப்ள, நீ இப்படியே போனா வைகையில தண்ணி இல்லேங்கிற பேச்சே இருக்காது," என்று டிரைவர் நல்லகாமன் கேலி செய்தான். பிரயாணிகளும் சேர்ந்து சிரித்தார்கள். காசிமாயனுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

அண்ணனைப் பார்த்த அதே டாக்டரிடம் ரகசியமாகப் போனான். சிறுநீரைச் சோதித்துவிட்டு அவர் சொன்னதை இன்றுவரை மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டிருந்தான்.

"சர்க்கரை வியாதியில ரெண்டு வகை இருக்குப்பா. ஒண்ணு பருத்த உடம்புக்காரனுக்கு வர்றது. வாயைக் கட்டினா போதும், பேரன் பேத்தி எடுப்பான். இன்னொண்ணு இளைச்சவனுக்கு வர்றது. அதுக்கு ஊசி இல்லேன்னா ஆள் நிக்காது. உங்கண்ணனுக்கு ரெண்டாவது, அதுல சந்தேகமே இல்லை."

"எனக்கு எதுங்க?"

"நீ ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. வயசும் ரெண்டுங்கெட்டான். கொஞ்ச நாள் ஊசி போட்டுப் பாப்போம். அப்புறம் நிறுத்திட்டுப் பத்தியத்துல விட்டுப் பாப்போம். தன்னால தெரிஞ்சிடும்."

"தெரியாமப் போனா?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தும் தன் சிறுநீர்ச் சொட்டும் விட்டுக் காய்ச்சிப் பார்த்தான். நீலமாகவே நின்றால் நல்லது, செங்கல் நிறமானால் கெட்டது. அவனுக்கோ ஒரு நாள் பச்சை, ஒரு நாள் மஞ்சள். வியாதிகூடப் பிடிகொடுத்துப் பேச மாட்டேன் என்றது. பஸ்ஸில் ஏறும் தொந்திக்காரர்களைப் பார்த்து அவனுக்குப் பொறாமையாக இருந்தது. போதாக்குறைக்கு மருந்துக்கடைக்காரர் வேறு, சீமையில் சண்டை மூண்டுவிட்டது, ஊசி மருந்து கப்பலில் வருவது, அடுத்த பெட்டி வந்தால்தான் உண்டு என்று கையை விரித்தார். முதல் வகையாக இருந்தால் கப்பல் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. இரண்டாவதாக இருந்தால்?

இன்று இருட்டோடு வந்து சாவைச் சொன்ன ஆள், செத்த விதத்தையும் சொன்னான். "காச்சல்ல கெடந்தாருண்ணே. சோறு எறங்கல. வெறும் வயித்துல ஊசி போட்டா நடுக்கம் வருதுன்னு, ஊசியே வேணாம்னுட்டாரு. முந்தாநாளு இருந்து வாந்தி. மூச்சுல என்னமோ பழ வாடை. அப்புறம் முழிக்கவே இல்ல."

ஊசியை நிறுத்தினான், செத்தான். காசிமாயனின் காதில் அது மட்டும்தான் விழுந்தது. உடனே மனைவி செல்லத்தாயை எழுப்பி ஊசியை வெந்நீரில் போடச் சொன்னான். அவள் நிறைமாதக்காரி, துட்டி வீட்டுக்கு வரக்கூடாது. "பழசாச்சும் ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க," என்று வாசல்வரை கெஞ்சிக்கொண்டே வந்தாள். "அண்ணன் செத்துக் கெடக்கான், நான் தின்னுட்டு வரவா?" என்று அவளிடம் எரிந்து விழுந்துவிட்டு வந்தான்.

இப்போது கொட்டுச் சத்தம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பாடை கட்டுகிறவர்கள் மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தார்கள். காசிமாயன் அண்ணன் தலைமாட்டில் போய் உட்கார்ந்தான்.

முதலில் உள்ளங்கையில் ஒரு நடுக்கம் வந்தது. துக்கம்தான் என்று நினைத்தான். பிறகு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயமாக இருக்கும் என்று நினைத்தான். கூடவே பசி வந்தது, அப்படி ஒரு பசியை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனான். அடுப்பில் பூனை படுத்திருந்தது. பிணம் கிடக்கிற வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். பானைகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. பக்கத்து வீட்டில் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார்கள்? அண்ணனை வாசலில் போட்டுவிட்டுக் கூழ் கேட்டான் என்று பேரன் காலத்துக்கும் பேசுவார்கள். விஷயத்தைச் சொல்லிவிடலாம். சொன்னால், அடுத்தது இவன்தானா என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையை இன்றைக்கு அவனால் தாங்க முடியாது.

"கொள்ளிக்காரன் எங்கிட்டுடா போனான்?" என்று சித்தப்பாவின் குரல் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

வண்டி வந்ததும், மதினியின் அண்ணன்மார் கோடிச் சேலையைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்ததும், குளிப்பாட்டியதும் எல்லாம் தண்ணீருக்குள் இருந்து பார்ப்பதுபோல் தெரிந்தன. யாரோ என்னவோ கேட்டார்கள். "ஓல்டான், போலாம் ரைட்," என்று பஸ்ஸில் கத்துவதுபோல் பதில் சொன்னான். கேட்டவர் பாவம் என்று அவன் முதுகைத் தடவிவிட்டுப் போனார்.

"மொத வாய்க்கரிசி நீ போடு," என்று சித்தப்பா அவன் கையில் அரிசியைத் திணித்தார்.

காசிமாயன் கையிலிருந்த அரிசியைப் பார்த்தான். வெள்ளையாக, ஈரமாக இருந்தது. குனிந்து போட வேண்டும் என்று தெரிந்தது. யார் வாயில் என்பதுதான் தெரியவில்லை. கை மெல்ல மேலே எழும்பித் தன் உதட்டுக்கு வந்தது.

ஒப்பாரி அப்படியே நின்றுபோனது. "அடப் பாவி, என்னடா பண்ற," என்று யாரோ அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அரிசி அண்ணனின் நெஞ்சில் சிந்தியது.

சோலையம்மாள் எழுந்துவிட்டாள். புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்தவள் காலையிலிருந்து அசையாமல் இருந்தாள். கோடிச் சேலை தோளில் தொங்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, காசிமாயனின் பிடரியில் கையை வைத்தாள். கையை எடுத்துப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஊசி போட்டீகளா?"

அவன் விழித்தான்.

"கொழுந்தனாரே, என்னயப் பாருங்க. ஊசி போட்டீகளா?"

தலையாட்டினான்.

"சோறு?"

அவன் கண் உள்ளங்கையில் ஒட்டியிருந்த அரிசிக்குப் போனது. அவள் அதற்குமேல் கேட்கவில்லை. முந்தானை முனையில் இருந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். உள்ளே கருப்பட்டி இருந்தது. புருஷனுக்கு எந்த நேரம் நடுக்கம் வரும் என்று தெரியாமல், வயலுக்கும் சந்தைக்கும் கூடவே கட்டிக்கொண்டு அலைந்த கருப்பட்டி. சாவு வந்து, மாரடித்து, கோடியும் விழுந்தாயிற்று, அதை அவிழ்த்துவைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு துண்டைக் கடித்து உடைத்து அவன் வாயில் திணித்தாள்.

"சோலை, என்ன காரியம் பண்ற. கொள்ளி வைக்கிறவன் வாயில..." என்று சித்தப்பா ஓர் எட்டு முன்னால் வந்தார்.

"ஒரு பாடைதான மாமா கட்டியிருக்கீக," என்றாள் சோலையம்மாள். குரலை உயர்த்தவில்லை. "இவரையும் படுக்க வைக்கவா?"

சித்தப்பா நின்ற இடத்திலேயே நின்றார். கொட்டுக்காரர்கள் குச்சியைத் தாழ்த்தினார்கள். "சப்பாதீக, கடிச்சு முழுங்குங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் இன்னொரு துண்டையும் ஊட்டினாள். அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே பார்த்திருந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாக உலகம் தெளிந்தது. வேப்பமரம் தெரிந்தது. அண்ணன் தெரிந்தான். தான் செய்யப் போன காரியம் என்ன என்று விளங்கியதும் காசிமாயனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஊரார் பார்க்க, மதினியின் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அது அண்ணனுக்காகவும்தான், தனக்காகவும்தான்.

"உங்கண்ணனுக்கும் இப்படித்தான்," என்று அவள் அவன் காதருகில் குனிந்து சொன்னாள். "மொதல்ல பிடரி நனையும். அப்புறம் பேச்சு மாறிரும்."

அவன் அழுகையை விழுங்கினான். "அப்ப எனக்கும் அதே வகைதானா மதினி?"

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். இந்த ஒரு வருஷமாக இன்னொரு கையை அப்படிப் பிடித்துப் பார்த்தவள். "இல்ல," என்றாள். "உங்களுக்குச் சதைப்பிடிப்பு இருக்குல்ல. இது வேற."

பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல், அவளும் ஒன்று கேட்டாள். "காச்சல்ல ஊசிய நிப்பாட்டியிருக்கக் கூடாதோ? அவரு வேணாம்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன்."

ஊசி இல்லையென்றால் ஆள் நிற்காது என்று டாக்டர் சொன்னது காசிமாயனின் நாக்கு நுனிவரை வந்தது.

"அது காச்சலு மதினி," என்றான். "காச்சல்தான் கொண்டுபோச்சு. ஊசி என்ன பண்ணும்."

"ம்," என்றாள். மிச்சமிருந்த கருப்பட்டியை அவன் வேட்டி முந்தியில் வைத்து, இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டாள். பிறகு கால்மாட்டுக்குப் போய்ப் பழையபடி உட்கார்ந்துகொண்டாள். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ம், ஆகட்டும்பா," என்று கொட்டுக்காரர்களைப் பார்த்துச் சொன்னார்.

சுடுகாட்டில் தலையை மழித்து, கிணற்றில் முங்கி, ஈர வேட்டியோடு நீர்க்குடத்தைத் தூக்கிச் சுற்றி வந்தான். பின்னால் கையை விட்டுக் கொள்ளி வைத்தான். விறகு பற்றிக்கொண்டது.

"திரும்பிப் பாக்காம நட," என்றார் சித்தப்பா.

நடந்தான். முதுகில் அனல் அடித்தது. வெயிலும் மொட்டைத் தலையில் இறங்கியது. பிடரியில் ஈரம் ஊறுவது தெரிந்தது. தீயின் வேர்வையா, அந்த வேர்வையா என்று அவனால் சொல்ல முடியவில்லை. விரல்களை நீட்டிப் பார்த்தான். நடுங்குவது மாதிரியும் இருந்தது, நடுங்காத மாதிரியும் இருந்தது. வேட்டி முடிச்சை அவிழ்த்தான். கருப்பட்டி நனைந்து துணியோடு ஒட்டிக்கிடந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டு நடந்தான்.