தோல் டாக்டரின் பீப்பாய்

எழவு வீட்டு வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஜூஸ் கடைக்கார அக்கா தலையில் சாக்கு மூட்டையோடு வந்துகொண்டிருந்தாள். மூட்டை நிறையக் காய்ந்த ஆரஞ்சுத் தோல். கூடத்தில் கிடத்தியிருந்த தம்பியின் கால்மாட்டைச் சுற்றித்தான் கொல்லைக்குப் போகவேண்டும். போனாள்.

“பாவம், கூடப்பிறந்தவன் போனதுல புத்தி பேதலிச்சுப் போச்சு” என்றாள் ஒருத்தி, அவளுக்குக் கேட்கும்படியே. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

காலையிலிருந்து அக்கா தம்பி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவக் கொல்லைக்குப் போனபோது சாக்கடை செக்கச்செவேலென்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்த தம்பியின் சாயப்பட்டறையில், அவன் மைத்துனன் கழிவுத் தொட்டியின் குழாயைப் பீப்பாயிலிருந்து பிடுங்கி நேராகச் சாக்கடையில் விட்டிருந்தான். பீப்பாயில் திணித்திருக்கும் பழத்தோல்தான் சாயத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் வெளியே விடும். பழைய தோல் இனிப் பிடிக்காது. நேற்றே மாற்றியிருக்க வேண்டும். மாற்ற வேண்டியவன் நேற்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை.

குழாயை மூடிவிட்டு அவள் கடைக்கு ஓடியது இதற்காகத்தான். திரும்பி வந்தால் மைத்துனன் பட்டறை வாசலில் குறுக்கே நிற்கிறான்.

“இன்னைக்கு ஒரு நாள்தானக்கா. தொட்டி காலியானாத்தான் நாளைக்கு வேலை ஓடும். யாரு பாக்கப்போறா? போனவரா வந்து கேக்கப்போறாரு?”

“அவன் கேக்க மாட்டான். அதான் நான் கேக்குறேன். நகரு.”

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்கிற ஜென்மம். அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முட்டிக்கொண்டு வந்தது. கீழே கால்வாயில் குளிக்கிற ஜனங்கள் ஒரு காலத்தில் சிவந்துபோன துணிகளைக் கொண்டுவந்து இந்த வாசலில் எறிந்தார்கள். அன்றைக்குத் தலைகுனிந்து நின்ற தம்பி, மறுவாரமே அவள் கடைக் குப்பையைக் கேட்டு வந்தான். மாதுளை, வாழை, எலுமிச்சை, ஒரு தோல் பாக்கியில்லை. காயவைத்தான், இடித்தான், சாயத்தண்ணீரில் ஊறப்போட்டு டம்ளரை டம்ளராக முறைத்துப் பார்த்தான். தோல் டாக்டர் என்று ஊரே பெயர் வைத்தது. அவளும் சேர்ந்து சிரித்தவள்தான்.

மைத்துனனைத் தோளால் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் பீப்பாயைக் கவிழ்த்தாள். முழங்கைவரை சிவப்பாயிற்று.

வாசலிலிருந்து ஒரு ஆள் வந்து எட்டிப் பார்த்தார். “நேரமாகுதும்மா, தூக்கணும்.”

“இருக்கட்டும். அவனுக்கு இனிமே என்ன அவசரம்?”

மைத்துனன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “பட்டறை இனிமே என் தங்கச்சியோடது. நீங்க யாரு இதுல?”

அந்தத் தங்கச்சி அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். அழுது வீங்கிய முகம். மாடியெல்லாம் தோல், தலையணையெல்லாம் நாற்றம் என்று புருஷனோடு வாரக்கணக்கில் பேசாமல் இருந்தவள். இவள் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

அவள் அண்ணனைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். பிறகு குனிந்து மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

“அந்தப் பக்கம் தூக்குங்க அண்ணி.”

“ஏய், உனக்கென்ன கிறுக்கா?” என்றான் மைத்துனன்.

“குழாய மாட்டுண்ணே. அவரத் தூக்குறதுக்குள்ள மாட்டு.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான். முதலில் கசிந்த தண்ணீர் தோலின் மஞ்சளோடு வந்தது. “இதான் சுத்தமா?” என்று இளித்தான். அக்கா அதைப் பிடித்துத் தொட்டியிலேயே திருப்பி ஊற்றினாள். அப்புறம் வந்தது வெறும் தண்ணீர். தம்பி மனைவி அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

ஊர்வலத்தில் அக்காவும் தம்பி மனைவியும் சேர்ந்தே நடந்தார்கள். கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது கீழே ஒருத்தி வெள்ளைப் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். சவம் வருவதைக் கண்டு, சொட்டுகிற துணியோடு எழுந்து நின்றாள். யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. கடைசி ஆள் கடந்ததும் குனிந்து, விரிப்பை மறுபடி தண்ணீரில் முக்கினாள்.